சயனைடு மேட்டின் அடிவாரத்திலே

பங்காருப்பேட்டைச் சந்திப்பிலே சென்னைப் பெரும்பாதையை விட்டுப் பிரிந்து, மாரிக்குப்பம் வரை செல்லும் கிளைப்பாதை ஒன்று உண்டு. ஏறக்குறையப் பதினாறு கிலோமீட்டர் நீளந்தான். 1894ஆம் ஆண்டில், தங்கச் சுரங்கங்களை முன்னிட்டே இட்ட பாதை அது. புகைவண்டி இலாகாவில் எழுத்தராக இருக்கும் எனக்கு எந்த ஊரும் முதலில் ஸ்டேஷன் பெயர்களாகவே நினைவுக்கு வருவது வழக்கம். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்னும் பெயர்களோ இலாகாவில் சேர்வதற்கு வெகு காலம் முன்பே மனத்தில் பதிந்தவை. பள்ளி விடுமுறைக்கு அத்தை வீடு செல்லும் வழி அது.

சென்ற ஆடி மாதத்தில் இரண்டு நாள் விடுப்புப் பெற்று அத்தையைக் கண்டுவரச் சென்றேன். கோரமண்டலைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும், எதிரில் அமர்ந்திருந்த சிறுமி ஒருத்தி சன்னலுக்கு வெளியே கை நீட்டி, "அம்மா, அதோ பீச்!" என்று கூவினாள். அவள் காட்டிய திசையில் கடல் இல்லை. ஆனால் மணல் இருந்தது. வீடுகளுக்குப் பின்னால், பனைமரத்தினும் உயரமாக, உச்சி தட்டையாய், பக்கங்கள் அரித்து வரிவரியாய், சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில் குன்று ஒன்று நின்றது. அதற்கப்பால் இன்னொன்று.

"பீச் இல்லடி கண்ணு, சயனைடு மேடு. கண்ணாடிய எறக்கு, தூசி வருது" என்றாள் தாய்.

சன்னலை அடைத்துக்கொண்டு அம்மேட்டைக் கடப்பவர் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுவர். அதன் அடிவாரத்தில் குடியிருப்போர் எந்தச் சன்னலை அடைப்பது? நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்குத் தங்க வயல் தாத்தா பிறந்த ஊர். சிலவற்றுக்கோ 2018இல் வெளிவந்த திரைப்படத்தின் பெயர். இரு சாராருக்கும் அந்த மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

தங்க வயலின் பழங்கதையை நேயர்கள் ஓரளவு கேள்வியுற்றிருப்பீர்கள். 1802இல் வாரன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி இப்பக்கம் நில அளவைக்கு வந்தபோது, பொன் கிடைக்கும் இடத்தைக் காட்டுவோர்க்கு வெகுமதி உண்டென்று அறிவித்தார். உரிகம் கிராமத்தார் வண்டியில் மண்ணை ஏற்றிவந்து அவர் கண்முன்னே நீரில் கழுவிப் பொற்றுகளைக் காட்டினார்களாம். மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதே இவ்வூரின் தொடக்கம் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும். 1870களில் லாவல் என்பவர் மைசூர் சமஸ்தானத்திடம் உரிமை பெற்றுத் தோண்டினார். 1880இலிருந்து ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்றனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம்மவர் குடும்பம் குடும்பமாய் வந்து சேர்ந்தனர். 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரம் விளக்குக் கண்டது அதற்கு மூன்றாண்டு கழித்தே. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. மேலே, அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. தமிழ்ப் புத்தகங்கள் இங்கே அச்சாகி வெளியூர் சென்றதுண்டு. அதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதத் தகும்.

இந்தப் பெருமைகளையெல்லாம் ஊர்க்காரர் எவரும் சொல்வர். அவர்கள் சொல்லாமலே நம் கண்ணில் படுவது மேடு.

அத்தையின் வீடு சாம்பியன் ரீஃப் பக்கத்து லைன் வீடுகளுள் ஒன்று. இரண்டு அறையும் தகரக் கூரையும் கொண்டது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஓசை கேட்டுக் கண் விழித்தேன். அத்தை வாசலில் மட்டுமன்று, கூடத்திலும் தண்ணீரைத் தெளித்து, பழந்துணியை நனைத்துப் பிழிந்து தரையை ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தரையின் மீது பவுடரைப் போன்ற மெல்லிய படலம் படிந்திருந்தது. முந்தின இரவு படுக்கும் முன்னரும் அவர் துடைத்ததை நான் பார்த்திருந்தேன்.

"துடைப்பம் போட்டால் சீக்கிரம் முடியாதா அத்தே?" என்றேன்.

"துடைப்பம் போட்டா தூசி எழும்பி மூக்குல போவும்டா தம்பி. ஆடி, ஆவணி ரெண்டு மாசமும் இந்த வீட்ல ஒலர்ந்த துடைப்பம் எடுக்கக் கூடாதுன்னு எங்க மாமியா சட்டம். இட்லி மாவுக்கே மூணு மூடி."

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். இங்கே அம்மி பறக்கவில்லை; அம்மியின் மீது மேடு பறந்துவந்து உட்கார்ந்திருந்தது. அத்தை அதைக் கழுவிய பிறகே சட்னிக்குத் தேங்காய் வைத்தார்.

மாமா சுரங்கத்தின் மேற்பரப்பில், மில்லில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது நாற்பத்தைந்து வயது. இப்போது எழுபதை நெருங்குகிறார். காப்பி குடித்தபின், "மேட்டைப் பார்க்கணும்னியே மாப்ளே, காத்து எழும்பறதுக்கு முன்ன போயிட்டு வந்துடுவோம்" என்று துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். வழியெல்லாம் இருமல். எதனாலென்று கேட்டால், "பீடி இருமல்" என்பார். பீடியை விட்டு இருபது ஆண்டு ஆயிற்றென்று அத்தை சொல்லுவார்.

மேடு எப்படி உண்டாயிற்று என்பதை அவர் சொல்லக் கேட்டவாறே தருகிறேன். பாறையிலிருந்து தங்கத்தைப் பிரிப்பது நெல்லிலிருந்து உமியைப் பிரிப்பது போன்றதன்று. ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கமே, கண்ணுக்குத் தெரியாத துகளாய்க் கலந்திருக்கும். ஆகவே பாறையை முதலில் உடைத்து, பின் இடித்து, பின் மாவாக அரைக்க வேண்டும். தொடக்க காலத்தில் அந்த மாவைப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் நீரோடு ஓடவிட்டனர். பாதரசம் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும். அதில் அகப்படாது போனதும் மிகுதி. 1887இல் கிளாஸ்கோ நகரத்து மக்கார்த்தரும் ஃபாரஸ்ட் சகோதரரும் சயனைடு முறையைக் கண்டு உரிமை பெற்றனர். அரைத்த மாவை மிக நீர்த்த சயனைடுக் கரைசலில் போட்டுக் காற்றடித்துக் கலக்கினால், சர்க்கரை நீரில் கரைவதுபோலத் தங்கம் அதில் கரைந்துவிடும். சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிடில் சயனைடு நச்சு வாயுவாக மேலெழும்பும். கரைசலை வடித்தெடுத்துத் துத்தநாகப் பொடியைத் தூவினால் தங்கம் கறுப்புச் சேறாய் அடியில் படியும். அதை உருக்கினால் பாளம்.

"பாளம் பெட்டியில போய்டும். சக்கை கொழாயில போய்டும். கொழா முடியற எடந்தான் இது" என்று மாமா எதிரே கையை நீட்டினார். நாங்கள் மேட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தோம்.

தங்க வயலில் நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல் என்பது கணக்கு. விட்டுச்சென்ற சக்கை 13 மேடுகளில் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். அவை பரந்து கிடக்கும் நிலம் ஆயிரம் ஏக்கர். சரக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கத்தால் அங்கேயே நின்று மனக்கணக்குப் போட்டேன். அந்த 800 டன் தங்கமும் நம் சரக்கு வேகன்கள் பதின்மூன்றில் அடங்கிவிடும். சக்கையை ஏற்றுவதானால், 58 வேகன் கொண்ட ஒரு ரேக்கில் சுமார் 3,800 டன் பிடிக்கும். ஏறக்குறைய 8,700 ரேக் வேண்டும். நாள்தோறும் தவறாது ஒரு ரேக் புறப்பட்டாலும் 24 ஆண்டுகள். கணக்கை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ரேக் கொடுப்பே மாப்ளே, எறக்கறதுக்கு எந்த ஸ்டேஷன் ஒத்துக்குவான்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் விடையில்லை.

மேட்டின் மேல்தோல் அப்பளம் போல் பொருக்குத் தட்டியிருந்தது. கால் வைத்தால் உடைந்து உள்ளே மாவு. மழைநீர் அறுத்த ஓடைகள் ஆள் உயரத்துக்கு மேலான பள்ளங்களாய் இறங்கின. அவற்றின் ஓரங்களில் வெள்ளையும் மஞ்சளுமாய் உப்புப் பூத்திருந்தது. ஓடை முடியுமிடத்தில் வெளுத்த சேறு விசிறிபோலப் பரவிக் காய்ந்திருந்தது. அதைத் தாண்டிப் பத்தடியில் ஒருவர் வீட்டுக் கொல்லை. முன்பு மரம் நட்டுப் பார்த்த இடங்களில் சவுக்கும் கற்றாழையும் அங்கங்கே பிழைத்து நின்றன. மற்றபடி புல்லும் இல்லை. மேலே நான்கைந்து இளைஞர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்து, திரைப்படக் கதாநாயகனைப் போல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அவர்கள் காலடியிலிருந்து புகைபோல் எழுந்த தூசி நாங்கள் நின்ற பக்கமே வந்தது.

பெயரைக் கேட்டு அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். சயனைடு என்பது வெயிலும் காற்றும் பட நாளடைவில் சிதைந்து வலுவிழக்கும் பொருள். பல ஆண்டுகளுக்கு முன் கொட்டிய மண்ணின் மேற்பரப்பில் அது பெரும்பாலும் அழிந்துவிடும்; ஆழத்திலும் ஈரத்திலும் உள்ளதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே மேட்டுக்குப் பெயர் கொடுத்த நஞ்சு, அதன் தலையாய நஞ்சு அன்று. பாறையில் கந்தகத்தோடு கூடிய தாதுக்கள் உண்டு. அவை காற்றும் மழையும் பட்டால் அமிலமாகி, தம்மோடிருக்கும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கும். ஓடையோரத்து உப்புப் பூப்பு அத்தகைய கரைவின் அடையாளம். பழைய காலத்துப் பாதரசத்தில் தப்பியதும் சக்கையோடுதான் போயிற்று. எல்லாவற்றினும் மேலாக, அந்த மண் அரைத்த வெண்கல், அதாவது சிலிக்கா. தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத துகள் மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை சென்று அங்கேயே இருந்துவிடும். வெயில் அதைச் சிதைப்பதில்லை, மழை கரைப்பதில்லை.

இந்நோயை இந்தியா முதன்முதல் ஏட்டில் கண்டதே தங்க வயலில்தான். 1947இல் வெளியான ஆய்வொன்றில், இங்கே சோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளருள் நூற்றுக்கு 43.7 பேருக்குச் சிலிக்கோசிஸ் எனப்படும் நுரையீரல் இறுக்கம் இருந்தது தெரியவந்தது. அவர்கள் சுரங்கத்தினுள் பாறை துளைத்தவர்கள். வீட்டில் அம்மி கழுவியவர்கள் அல்லர். இரண்டும் ஒரே அளவு கேடு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்று உள்ளே இருந்த அதே கல்லின் மாவுதான் இன்று வெளியே காற்றில் இருக்கிறது.

இதைத் துப்புரவு செய்யும் கடமை யாருடையது? 1956இல் மைசூர் சர்க்கார் சுரங்கங்களைக் கம்பெனியாரிடமிருந்து ஏற்றது. 1962இல் அவை மத்திய சர்க்காரிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஏற்பட்டது. 2001இல் கதவு சாத்தியாயிற்று. நீரிறைக்கும் இயந்திரங்கள் நின்றன. சுரங்கங்களில் நீர் நிறைந்தது. இந்நாட்டில் சுரங்கம் நடத்துவோர், அதை மூடும்போது நிலத்தை எவ்வாறு சீர்செய்வோம் என்னும் திட்டத்தை முன்கூட்டியே கொடுத்து, அதற்கு ஈடாகப் பணமும் கட்ட வேண்டுமென்னும் விதி வந்தது 2003 ஏப்ரலில். குடித்தனக்காரர் காலி செய்து இரண்டாண்டு சென்ற பிறகு, காலி செய்வோர் வீட்டைப் பெருக்கிவிட்டுப் போகவேண்டுமென்று ஒப்பந்தம் எழுதியதைப் போலாயிற்று.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. 13 மேடுகளும் அடங்கிய 1,003.4 ஏக்கரில், மத்திய சர்க்கார் சக்கையைத் திரும்ப எடுத்துத் தங்கம் பிரிக்க நினைப்பதற்கு இசைவு தந்தது. ஒரு டன் சக்கையில் ஒரு கிராமுக்கும் குறைவாகவே தங்கம் எஞ்சியிருக்கும். ஆயினும் இன்றைய விலைக்கு அதுவும் கட்டுப்படியாகும் என்பது எதிர்பார்ப்பு. 1802இல் உரிகத்தார் செய்து காட்டிய மண் கழுவலுக்கே ஊர் திரும்புகிறது போலும்.

அன்றிரவு சாப்பாட்டின்போது இதைப் பற்றிப் பேச்செழுந்தது. அத்தை மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். விடியுமுன் மாரிக்குப்பம் வண்டி. இரவு திரும்புவது குழந்தை உறங்கியபின். நாள்தோறும் அவ்வாறு போய்வரும் ஆயிரக்கணக்கானவருள் ஒருவர். சுரங்கம் மூடியபின் இவ்வூரைக் காப்பாற்றுவது அந்த வண்டி என்றால் மிகையன்று. "மேட்டு வேலை வந்தா நான் மொத ஆளா எழுதிக் குடுப்பேன். புள்ளைய வெளிச்சத்துல பாத்து எத்தனி நாளாச்சு" என்றார் அவர்.

"அந்தத் தூசியிலயா? இந்த வீட்ல ஒருத்தர் இருமறது பத்தாதா?" என்றார் அத்தை. "மேல மண்ணைப் போட்டு மூடிட்டு, புல்லு வெச்சுட்டுப் போவட்டும். எனக்கு அது போதும்."

மாமா வெகுநேரம் பேசவில்லை. மோர் ஊற்றிக்கொண்ட பிறகு, "தங்கம் எடுக்கட்டும், வேணாங்கல. எடுத்துட்டு சக்கைய எங்க வைப்பாங்கன்னு கேளு. ரெண்டாந்தரமும் சயனைடுலதான கலக்கணும்? வெயில்ல காஞ்சுபோனது மறுபடி ஈரமாயித்தான வரும்?" என்றார்.

காலையில் ரேக்கைப் பற்றிக் கேட்டதும் இதே கேள்வி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆயினும் மாமாவின் கேள்விக்கு விடை கிடைத்தாலன்றி மற்ற இருவருக்கும் விடை இல்லை என்றே எனக்குப் படுகிறது. ஊருக்குத் திரும்பியபின் புத்தகங்களைத் தேடிப் படித்ததில், இதே கேள்வி வேறு நாடுகளிலும் எழுந்திருப்பது தெரிந்தது.

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரைச் சுற்றி இவ்வகை மேடுகள் நூறாண்டாய் நின்றன. 1970களின் இறுதியிலிருந்து அவற்றை நீர்ப்பீச்சால் கரைத்துக் குழாயில் கொண்டுபோய் மீண்டும் தங்கம் எடுக்கிறார்கள். நகரத்துள் பல மேடுகள் மறைந்தே போயின. சக்கை நகருக்கு வெளியே இன்னும் பெரிய மேடாய் எழுந்தது. மேடு அகன்ற தெருவில் குடியிருப்பவருக்கு அது துப்புரவு. புதிய மேட்டின் பக்கத்தில் இருப்பவருக்கு அன்று.

ருமேனியா நாட்டில் பாயா மாரே என்னும் ஊரின் கதை நமக்கு இன்னும் அண்மையது. அங்கும் குடியிருப்பை ஒட்டிப் பழைய சக்கைத் தேக்கம். அங்கும் தூசித் தொல்லை. சக்கையைத் திரும்பக் கழுவித் தங்கம் எடுப்போம், ஊரும் தூய்மையாகும் என்று சொல்லியே வேலை தொடங்கினர். 2000ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், பனி உருகிய நீரும் மழையும் சேர்ந்து புதிய தேக்கத்தின் கரையை உடைத்தன. சயனைடு கலந்த நீர் சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் ஆற்றில் இறங்கி, ஹங்கேரி நாட்டில் தீசா ஆற்றையும் பின் டான்யூப் ஆற்றையும் சேர்ந்தது. ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட மீன் மடிந்தது. தங்க வயலின் சுரங்கங்களுக்கு நீர் வந்தது பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்கலா ஏரியிலிருந்து. அந்தப் பாலாறுதான் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வேலூருக்கும் போகிறது. நம் முன்னோர் எந்த ஊர்களிலிருந்து இங்கு வந்தனரோ அந்த ஊர்கள்.

கனடாவின் வடகோடியில் எல்லோநைஃப் என்னும் ஊரில் ஒரு தங்கச் சுரங்கம் நொடித்துப்போய், 2,37,000 டன் ஆர்சனிக் தூளைப் பூமிக்கடியில் விட்டுவிட்டது. அதை எடுத்துச் செல்ல வழியில்லையென்று கண்ட அந்நாட்டுச் சர்க்கார், குழாய்களைப் பதித்து அந்த நிலத்தையே உறையவைத்துவிடுவதென்று முடிவு செய்தது. முழு வேலை 2021இல் தொடங்கியது. மதிப்பீடு 400 கோடி டாலருக்கு மேல். உறைந்த நிலத்தை எக்காலத்தும் காவல் காக்க வேண்டுமாம். தங்க வயலின் நோய் அவ்வளவு கொடியதன்று. மருந்தும் அவ்வளவு விலையன்று. ஆனால் அங்கே பொறுப்பேற்க ஒருவர் முன்வந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

செய்யக்கூடியவை என்ன? மேட்டைக் கழுவுவதானால், சக்கை போய்ச் சேருமிடத்தில் அடியில் நீர் கசியாத விரிப்பும், வெள்ளத்தைத் தாங்கும் கரையும், சயனைடை அழித்த பின்னரே சக்கையை வெளிவிடும் ஏற்பாடும் வேலை தொடங்குமுன் இருக்க வேண்டும். கிணற்று நீரை வேலைக்கு முன்னும் பின்னும் சோதித்து, அந்த எண்களைத் தமிழிலும் கன்னடத்திலும் லைன் முகப்பில் ஒட்ட வேண்டும். அத்தை மகனுக்கு வேலை வருமானால் நல்ல முகமூடியும் ஆண்டுதோறும் மார்புப் படமும் கூடவே வரவேண்டும். கழுவாமல் விடுவதானால், சரிவைத் தணித்து, அமிலத்துக்குச் சுண்ணாம்பிட்டு, மேலே நல்ல மண்ணைப் பரப்பி, வேரூன்றும் புல்லை நட வேண்டும். அடிவாரத்தில் சேறு தங்கும் குட்டைகள் வெட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இத்தகைய சக்கையின் மீது நட்டுப் பார்த்த புல் எது தெரியுமா? நம் வெட்டிவேர்! கோடையில் பானைத் தண்ணீரில் போடுகிறோமே, அதுதான். ஆளுயரத்துக்கு மேல் நேர்கீழாக வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். உப்புக்கும் அமிலத்துக்கும் பெரும்பாலும் தளராது.

மாமாவுக்கு இது புத்தகம் படித்துத் தெரிந்ததன்று. மறுநாள் காலையில் கொல்லைப் பக்கம் அழைத்துச் சென்று காட்டினார். மேட்டு ஓடையின் கடைசிக் கிளை அவர்கள் வேலியோரமாகத்தான் இறங்குகிறது. அதன் குறுக்கே ஏழெட்டு வெட்டிவேர்த் தூர்களை வரிசையாக நட்டு வைத்திருந்தார். தூர்களுக்கு மேற்புறத்தில் ஒரு முழ உயரத்துக்கு வெள்ளைச் சேறு தேங்கி நின்றது; கீழ்ப்புறத்தில் மண் கறுப்பாகவே இருந்தது. அங்கே அத்தை அவரை போட்டிருந்தார். அந்த அவரையை உண்ணலாமா என்று கேட்டேன். "கொடி தட்டிக்குத்தான், காய் பறிக்கறதில்ல" என்றார் அத்தை. மண்ணைச் சோதிக்கக் கொடுக்க வேண்டுமென்று சொல்லி, ஒரு காகிதப் பையில் இரு பக்கத்து மண்ணையும் தனித்தனியே கட்டி எடுத்துக்கொண்டேன்.

"தூர் பத்தல மாப்ளே. இன்னும் நூறு இருந்தா இந்த லைன் முழுக்கக் கட்டிடலாம். இந்தப் பக்கம் கெடைக்கறதில்ல" என்றார் மாமா. கடலூர்ப் பக்கம் வெட்டிவேர் பயிரிடுகிறார்கள். என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவருக்குச் சொந்த ஊர் அது. சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் நாற்று வந்துசேர வேண்டும். சங்கத்து நண்பர் எவருக்கேனும் அப்பக்கம் தோட்டம் இருந்தால், அலுவலகத்தில் ஒரு வரி எழுதி வைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். பார்சல் கட்டணத்தை நான் ஏற்றுக்கொள்வேன்.